ஆறாத அடுப்பு

"திங்கட்கிழமை காலையில எங்கப்பா கோர்ட்டுல நின்னு ‘ஆமா, நான்தான்’னு சொல்லப் போறார் சார். சொல்லிட்டா பத்து வருஷம். நீங்கதான் தடுக்கணும்."

வந்த பெண்ணுக்கு இருபதை ஒட்டிய வயது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்கையில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய தீக்காயத் தழும்புகள். மழை வரும் போலவும் வராதது போலவும் வானம் விடிந்ததிலிருந்து கறுத்தே கிடந்தது. அறைக்குள் விளக்கைப் போட வேண்டியிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் போலீஸ்காரர்கள் ‘போதாது வக்கீல்’ என்பார்கள். அரசு வக்கீலாக இருந்த காலத்தில், அவர்கள் ஆசை ஆசையாய்க் கட்டிக்கொண்டு வரும் வழக்குகளைப் படித்துவிட்டு, கோபமில்லாமல், "போதாது" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்புவார். அப்படி வந்த பேர். அவர் ஓய்வு பெற்றும் பேர் ஓய்வு பெறவில்லை. இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதையே சொல்கிறார். அவருடைய ஜூனியர் பெண் நேர் எதிர். கட்சிக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். பாதி நாள் தப்பான ஆளைத்தான் பிடிப்பாள், அது வேறு விஷயம்.

"என்ன வழக்கும்மா?" என்றார் வக்கீல்.

"போதைப்பொடி. எங்க பேக்கரி அடுப்பறையில ஒரு பொட்டலம் கிடைச்சுது. அது தன்னுதுதான், முந்தின நாள் சாயங்காலம் தானே ஒளிச்சு வச்சதுதான்னு அப்பா போலீஸ்ல சொல்லிட்டார். அத்தனையும் பொய் சார். அவருக்குத் தெரிஞ்ச ஒரே பொடி மைதா மாவுதான்."

"பொய்ன்னு எப்படிச் சொல்றே?"

"எங்கப்பாவை எனக்குத் தெரியும்."

"எனக்குப் போதும்மா. நீதிபதிக்குப் போதாது. உட்கார்ந்து முதல்லேர்ந்து சொல்லு."

அப்புறம்தான் உட்கார்ந்தாள். ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று கடைகள். ஒன்று அப்பாவின் பேக்கரி. முற்றத்தின் பின்பக்கம் செங்கல் அடுப்பு இருக்கும் அறை. இன்னொன்று அவளுடைய தாய்மாமனின் கேக் கடை. மூன்றாவது டீக்கடை. அம்மா இறந்து நாலைந்து வருடமாகிறது. அன்று பேக்கரிக்கு வார விடுமுறை. மத்தியானம் போலீசுக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள்: அடுப்புக்கு மேலே இருக்கும் திட்டில் பாருங்கள், நேற்றுச் சாயங்காலமே வைத்தாகிவிட்டது என்று. இன்ஸ்பெக்டர் வந்து, டீக்கடைக்காரரைச் சாட்சியாக இழுத்துக்கொண்டு அடுப்பறைக்குப் போனார். மாவில் சேர்க்க வெண்ணெய்க்குப் பதிலாக வைத்திருக்கும் மார்ஜரின் டப்பா ஒன்று திட்டில் இருந்தது, அதற்குள் பொட்டலம். அப்பாவை முன்கடையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டியதும், கேள்வி முடிவதற்குள் "என்னுது" என்றுவிட்டார்.

"அப்போ நீ எங்கேம்மா இருந்தே?" என்று ஜூனியர் கேட்டாள்.

"காலையிலேர்ந்தே ஆஸ்பத்திரியில" என்றவள், ஏன் என்று சொல்லவில்லை. வக்கீலும் கேட்கவில்லை.

சிறையின் பார்வையாளர் அறையில் அவளுடைய அப்பா, அந்த ரொட்டிக்காரர், கம்பிக்கு அந்தப் பக்கம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பேசப் பிடிக்காதவர் போலிருந்தார், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது.

"எதுல வச்சீங்க?"

"மார்ஜரின் டப்பாவுல. திட்டு மேல எப்பவும் ஒண்ணு இருக்கும்."

"எப்போ?"

"முந்தின நாள் சாயங்காலம். அடுப்பை அணைச்சப்புறம்."

"எப்படி வச்சீங்க?"

"கையால தோண்டி உள்ளே அமுக்கினேன்."

"பள்ளம் வெளியே தெரியுமே. மேலே மூடி மெழுகினீங்களா?"

ரொட்டிக்காரர் இதென்ன கேள்வி என்பது போல் பார்த்தார். "அது எதுக்கு? தானா மூடிக்கும்."

"பொடியை யார் கொடுத்தாங்க?"

ரொட்டிக்காரர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "என் பொண்ணைப் பார்த்தீங்களா? வாராவாரம் வந்தாலும் இந்தக் கம்பி வழியா எனக்குச் சரியாத் தெரியல. கண்ணு தெளிவா இருக்கா? ராத்திரி தூங்கறாளாமா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றதும் தலையை ஆட்டினார். "திங்கட்கிழமை அவளை வர வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு வக்கீலும் வேண்டாம். நான் ஒத்துக்கப் போறேன், அதோட முடிஞ்சுது."

வெளியே வந்ததும் ஜூனியர், "பாவம் சார், பொண்ணு மேல உயிரையே வச்சிருக்கார்" என்றாள்.

"ஆமா. ஆனா உள்ளே இருக்கிறவர், வெளியே இருக்கிற பொண்ணோட கண்ணு தெளிவா இருக்கான்னு ஏன் கேக்கணும்?" என்றார் வக்கீல். ஜூனியருக்கு அப்போது அது புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் போதாது வக்கீலைப் பார்த்தால் அவருக்கும் பழைய காயம் வலிக்கும். "இந்தத் தடவை அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது சார்" என்று சொல்லிக்கொண்டேதான் வழக்குக் கோப்பை எடுத்தார். "ரெண்டு மாசமாவே அந்த முற்றத்துல பொடி நடமாடுதுன்னு காதுல விழுந்துது. கண்ணு வச்சுட்டே இருந்தோம். அப்புறம் போன் வந்துது. போன்ல சொன்ன இடத்துலயே பொருள் இருந்துது. போன்ல சொன்ன நேரத்தையே அந்த ஆளும் சொல்றான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"போன் பண்ணினது யாரு?"

"பேர் சொல்லலை. பொதுத் தொலைபேசி."

கோப்பில் ஒரு போட்டோ இருந்தது. திட்டின் மேலேயே வைத்து எடுத்தது. வாளி அளவு டப்பா, மூடி திறந்திருந்தது. வெளிர்மஞ்சள் மார்ஜரினில் மூன்று விரல்கள் தோண்டிய பள்ளம், விளிம்பு விளிம்பாக, நகம் இழுத்த கோடு முதற்கொண்டு தெரிந்தது. பள்ளத்துக்குள்ளே பொட்டலத்தின் பளபளப்பு. வக்கீல் அந்தப் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

ஜூனியரின் கண் வேறு இடத்தில் இருந்தது. போலீஸ் எதைக் கைப்பற்றினாலும் அந்த இடத்திலேயே எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்கும் மகஜரில், டீக்கடைக்காரரின் கையெழுத்து மை கலங்கி அப்பிக் கிடந்தது. "இது போலிக் கையெழுத்து சார்" என்று வக்கீலின் காதருகே சொன்னாள். "யாரோ அவசரத்துல போட்டிருக்காங்க."

வக்கீல் டப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். பொருள் அறையிலிருந்து கொண்டுவந்தார்கள். வாரக்கணக்கில் அந்தப் புழுக்கத்தில் கிடந்ததில் மார்ஜரின் இளகி வழிந்து உருவமே மாறியிருந்தது. "இப்போ இதைப் பார்த்து என்ன சார் தெரியப் போகுது" என்றார் இன்ஸ்பெக்டர். வக்கீல் உள்ளே பார்க்கவில்லை. டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தார். அடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

போலிக் கையெழுத்து என்று ஜூனியர் சொன்னதும் டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"நான்தான் போட்டேன். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்கு சார் காயணும்? டீ ஆத்திட்டு நின்னவனை வா வான்னு இழுத்துட்டுப் போனாங்க. போட்டோ எடுத்ததும் டப்பாவை என் கையில கொடுத்துட்டு இன்ஸ்பெக்டர் பாட்டுக்கு எழுத ஆரம்பிச்சுட்டார். கடைசியில கையெழுத்துப் போடுன்னா, கையெல்லாம் ஈரம். மை அப்பிக்கிச்சு."

"ஏன் ஈரம்?" என்றார் வக்கீல்.

"டப்பா வேர்த்துக் கிடந்துச்சு சார்."

"டப்பா வேர்க்குமா? அந்த அடுப்பறையில உங்க கைதான் வேர்த்திருக்கும்" என்று ஜூனியர் சிரித்தாள். டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. இருக்கலாம் என்றார்.

வக்கீல் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றிலும் பார்த்தார். "பாலை எங்கே வச்சுக்கறீங்க? பிரிட்ஜ் காணோமே."

"அதுக்கெல்லாம் ஏது வசதி? அப்பப்ப வாங்கி அப்பப்பக் காய்ச்சிக்கிறதுதான்."

"அன்னிக்கு மத்தியானம், போலீஸ் வர்றதுக்கு முன்னால, அடுப்பறைப் பக்கம் யாராவது போனாங்களா?"

டீக்கடைக்காரர் மறுபடியும் கிளாசைக் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவிய கிளாஸ் அது. "வியாபாரத்துல இருக்கிறவன் அதையெல்லாம் பார்த்துட்டா நிப்பான்?" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. அவர் பார்வை ஒரு நொடி முற்றத்தின் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பியதை ஜூனியர்கூடக் கவனித்தாள்.

ரொட்டிக்காரரின் மகள் அடுப்பறையைத் திறந்துவிட்டாள். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் புகையேறிக் கறுத்திருந்தது. பாதி அறையை அடைத்துக்கொண்டு செங்கல் அடுப்பு, குகை வாய் போலத் திறந்து கிடந்தது. வாரக்கணக்கில் தீயில்லாமல் அது ஜில்லென்றிருந்தது, அந்த ஜில்லிப்பு பிடிக்காதவள் போல அவள் வாசலிலேயே நின்றாள். அடுப்பின் மேல் தலை உயரத்தில் நீளமான திட்டு. அதன் ஓரத்தில் இரண்டு காலி டப்பாக்கள். வக்கீல் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டின் அடியிலும் பழுப்பேறிக் கருகிய வளையம்.

"மார்ஜரினை ஏம்மா இங்கே வைக்கிறீங்க?"

"விடியற்காலையில மாவு பிசையறப்ப அது இளகி இருக்கணும் சார். கட்டியா இருந்தா மாவுல சேராது."

"லீவு நாள்ல?"

"லீவு நாள்லயும் இங்கதான் இருக்கும். தீயை இழுத்து வெளியே போட்டாலும் செங்கல் சூடு போகாது. ரெண்டு நாள் ஆனாலும் இந்த அடுப்பு ஆறாது. மழைக்காலத்துல நான் ஷூவைக்கூட இங்கதான் காய வைப்பேன்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முற்றத்தில் காலடி கேட்டது. வெளியே அடித்த வெக்கையில் முழுக்கைக் கம்பளிச் சட்டை போட்ட மனிதர் ஒருவர், கையில் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். தெருப்பிள்ளைகள் ‘கேக் மாமா’ என்று கூப்பிடும் தாய்மாமன் அவர்தான். பெரிய ஹோட்டல் ஒன்றில் க்ரீம் வேலை கற்றுக்கொண்டு, நேராக வந்து கேக் கடை போட்டவர். நாள் முழுக்கக் குளிர் அறையில் நிற்கும் வேலை.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே பாப்பா" என்று பெட்டியை மருமகளிடம் கொடுத்தார். வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை ஈரத்துணி மாதிரி குளிர்ந்திருந்தது. "எங்க மச்சான் தங்கமான மனுஷன் சார். ஏதோ புத்தி கெட்டுப்போச்சு. ஒத்துக்கிட்டா தண்டனை கொஞ்சம் குறையும்னு சொல்றாங்க. வீணா இழுத்தா வேற யார் யார் பேரோ வெளியே வரும். சின்னப் பொண்ணு வாழ்க்கை பாருங்க." இதைச் சொல்லும்போது மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். அவள் அசையாமல் நின்றாள்.

அவர் போனதும் வக்கீல் கதவைச் சாத்தினார். "இப்போ சொல்லும்மா. வேற யார் பேர் வெளியே வரும்?"

கேக் பெட்டியைத் திறக்காமலே அவள் திட்டின் மேல் வைத்தாள். "என் பேர்தான். ரெண்டு வருஷம் முந்தி எனக்கு அந்தப் பழக்கம் இருந்துச்சு. அதே பொடிதான். அப்பாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினார். அப்புறம் நான் தொடவே இல்ல சார். மாசாமாசம் போய் ரத்தம் கொடுத்துச் சோதிச்சுட்டு வர்றேன். போலீஸ் வந்த அன்னிக்கும் அதுக்குத்தான் போயிருந்தேன். சுத்தமா இருக்கேன்னு அன்னிக்கே சொன்னாங்க. அதைச் சொல்றதுக்குள்ள அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஜெயில்ல பார்க்கறப்ப எல்லாம் அவரைப் பத்தித்தான் பேச்சு."

"அப்போ அந்தப் பொடி உனக்கு எங்கே கிடைச்சுது?"

"மாமா கடையில வேலை செஞ்ச ஒரு ஆள் கொடுத்தான். விஷயம் தெரிஞ்சதும் மாமா அவனை அன்னிக்கே துரத்திட்டார். எனக்காக எவ்வளவு அழுதார் தெரியுமா?"

"முந்தின நாள் சாயங்காலம் நீ இந்த அறைக்கு வந்தியா?"

அவள் திடுக்கிட்டுப் போனாள். "வந்தேன். மழையில நனைஞ்ச ஷூவை எடுக்க. ஏன்?"

"வெளியே போறப்ப அப்பா உன்னைப் பார்த்தாரா?"

"மாடிப்படியில நின்னுட்டிருந்தார். ஒண்ணும் கேக்கல."

ஜூனியருக்கு அப்போதுதான் சிறையில் கேட்ட கேள்வி உறைத்தது. அவள் ஏதோ சொல்ல வந்தாள். வக்கீல் கண்ணாலேயே நிறுத்தினார். "நாளைக்கு இந்த அடுப்பை மூட்டும்மா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், கடை நடக்கிற நாள்ல எரிக்கிற மாதிரியே எரிக்கணும்" என்றார்.

சனிக்கிழமை முழுக்க அடுப்பு எரிந்தது. சாயங்காலம் தீயை இழுத்துக் கொட்டியபின் வக்கீல் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். ஒரு புது மார்ஜரின் டப்பாவில் இன்ஸ்பெக்டரையே மூன்று விரலால் தோண்டச் சொன்னார். ரொட்டித் தூள் அடைத்த பொட்டலம் ஒன்றை அதில் அமுக்கச் சொன்னார். டப்பாவைத் திட்டில் ஏற்றி, இன்ஸ்பெக்டர் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போனார். "என்ன சார் இது, சமையல் வகுப்பா?" என்று முணுமுணுத்தபடிதான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர், டீக்கடைக்காரர், கேக் மாமா, மகள். வானம் அன்றும் இருண்டே இருந்தது. ஜூனியர் மட்டும் நிலைகொள்ளாமல், பக்கத்துத் தெரு ஐஸ்கிரீம் கடையில் குளிர வைத்திருந்த, துணி சுற்றிய ஒரு மார்ஜரின் டப்பாவை அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் பூட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. கேக் மாமா ஒரு அடி பின்வாங்கினார். "தீயே இல்லையே" என்றார் தன்னையறியாமல்.

"இல்லை. நேத்துச் சாயங்காலமே எடுத்தாச்சு" என்றார் வக்கீல். "இன்ஸ்பெக்டர், டப்பாவை இறக்குங்க. போட்டோவையும் பக்கத்துல வையுங்க."

இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்தார். உள்ளே பள்ளமும் இல்லை, விரல் தடமும் இல்லை. எண்ணெய் போல இளகிய மார்ஜரின் வழுவழுவென்று சமமாகக் கிடந்தது. பொட்டலத்தைக் காணோம். கரண்டியை விட்டுத் துழாவித்தான் அடியிலிருந்து எடுக்க முடிந்தது.

"அன்னிக்கு நீங்க மூடியைத் திறந்தப்ப பொட்டலம் உடனே தெரிஞ்சுதா, துழாவினீங்களா?"

"உடனே தெரிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. போட்டோவையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நகக்கோடுகூட அழியல. முந்தின நாள் சாயங்காலம் இந்தத் திட்டுல வச்ச டப்பாவா அது? போன்ல சொன்னது பொய். ரொட்டிக்காரர் ஒத்துக்கிட்டதும் பொய். இடமும் நேரமும் உங்க கேள்வியிலேர்ந்தே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ‘தானா மூடிக்கும்’னு அவர் என்கிட்ட சொன்னார். காலம் பூரா இந்த அடுப்போட இருந்தவருக்கு வேற மாதிரி நினைக்கவே வராது. ஆனா இந்தப் படம் அவர் கண்ணுல படவே இல்லை. பட்டிருந்தா வேற பொய் சொல்லியிருப்பார்."

"சரி, அப்போ டப்பா எங்கேர்ந்து வந்துது?"

வக்கீல் தலையசைத்தார். ஜூனியர் துணியைப் பிரித்து, தான் கொண்டுவந்த டப்பாவைத் திட்டில் வைத்தாள். அதிலும் மூன்று விரல் பள்ளம். சற்று நேரத்தில் டப்பாவின் வெளிப்புறமெல்லாம் பொடிப் பொடியாக நீர் துளிர்த்தது. வக்கீல் அதை எடுத்து டீக்கடைக்காரர் கையில் கொடுத்தார்.

"இதேதான் சார்" என்றார் டீக்கடைக்காரர். "இப்படித்தான் வேர்த்திருந்துச்சு." சொல்லிவிட்டு ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"குளிர்ந்த டப்பாவைச் சூடான இடத்துக்குக் கொண்டுவந்தா வேர்க்கும். அப்படின்னா போலீஸ் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அது இங்கே வந்திருக்கு. அடியில கருகல் இல்லாததுக்கும் அதுதான் காரணம். டீக்கடையில பிரிட்ஜ் இல்லை. ரொட்டிக்காரர் வீட்டு பிரிட்ஜுல இந்த அளவு டப்பா நுழையாதுன்னு ஜூனியர் வச்சே பார்த்துட்டா. ரொட்டி போடறவங்க யாரும் மார்ஜரினைக் குளிர்ல வைக்கிறதில்லை, இளக வைப்பாங்க. குளிர்ல வச்சு வேலை செய்யறது கேக் தொழில். லீவு நாள்ல, தீயில்லாத அடுப்பு மத்த சுவர் மாதிரி சும்மா இருக்கும்னு நினைக்கிறவரும் அந்தத் தொழில்லதான் இருக்க முடியும்."

எல்லோரும் கேக் மாமாவைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. கம்பளிச் சட்டையின் கையை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் குளிர் அறைக்குப் பூட்டே கிடையாது சார். அஞ்சாறு பேர் வேலை செய்யறாங்க. சரக்கு கொண்டுவர்றவன் போறவன் எல்லாரும் நுழையற இடம். எவன் எடுத்தானோ, நான் என்னத்தைக் கண்டேன்?"

"உண்மைதான்" என்றார் வக்கீல். "முதல்ல இந்தத் திட்டுல இருந்த டப்பா, அடி கருகினது, அதுவும் இங்கேர்ந்து போயிருக்கு. அது உங்க அறையில இருந்தா பேசலாம்."

"தாராளமா பாருங்க."

இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருந்த டப்பாக்கள் அத்தனையின் அடியும் வெள்ளை. வக்கீல் டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "போலீஸ் வர்றதுக்கு முன்னால யாரைப் பார்த்தீங்க?" டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தபடி, யாரையும் பார்க்கவில்லை என்றார். கேக் மாமா அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"உங்க மச்சானை வெளியே கொண்டுவர இது போதும்" என்றார் வக்கீல் கடைசியாக. "உங்களை உள்ளே வைக்கப் போதாது."

"அப்பாடா" என்றார் கேக் மாமா. "மச்சான் வந்தா சரி. பாப்பா, ராத்திரிக்கு நம்ம கடையிலேயே சாப்பிட்டுக்கோ." சாவதானமாக நடந்து முற்றத்தைக் கடந்து தன் கடைக்குள் போனார்.

ஜூனியருக்குப் பொறுக்கவில்லை. காரில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டாள். "அவன்தான் சார். போலீஸ் முற்றத்தைச் சுத்த ஆரம்பிச்சதும் அவங்களை மச்சான் பக்கம் திருப்பிவிட்டிருக்கான். மச்சான் பொண்ணுக்காகப் பழியை ஏத்துப்பார்னும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. டீக்கடைக்காரர் கண்ணால பார்த்திருக்கார். எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் தெரியும். டீக்கடைக்காரர் சொல்ல மாட்டார். நாளைக்கும் அதே முற்றத்துலதான் அவர் பிழைக்கணும்." வக்கீல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். முதல்முறையாக அவர் குரலில் களைப்புத் தெரிந்தது. "நேத்து வரைக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், ரொட்டிக்காரர்தான்னு. தெரியறதை வச்சு ஆளை உள்ளே போட ஆரம்பிச்சா யாரும் வெளியே இருக்க மாட்டோம் ஜூனியர். எனக்கும் வயிறு எரியுது. ஆனா அதுக்காக மாத்திச் சொல்ல முடியாது."

திங்கட்கிழமை கோர்ட் தாழ்வாரத்தில், போலீஸ்காரர் விலங்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே வக்கீல் ரொட்டிக்காரரிடம் போனார். மற்றதெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒன்றை மட்டும் சொன்னார்: "அன்னிக்குச் சாயங்காலம் உங்க பொண்ணு ஷூவை எடுக்கத்தான் அடுப்பறைக்குப் போனா. பொட்டலம் வந்தது மறுநாள் மத்தியானம். அந்த நேரத்துல அவ ஆஸ்பத்திரியில இருந்தா. சுத்தமா இருக்கான்னு சோதிச்சுச் சொல்லியிருக்காங்க."

ரொட்டிக்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

உள்ளே நீதிபதி கேட்டபோது, "நான் வைக்கல" என்றார். இன்ஸ்பெக்டரின் அறிக்கையைப் படித்த அரசு வக்கீலே எழுந்து, இந்த ஆதாரங்களை வைத்துக்கொண்டு வழக்கை நடத்த முடியாது என்றார். மத்தியானத்துக்குள் விடுதலை. குளிர்ந்த டப்பா விஷயத்தை வக்கீல் அப்புறம்தான் ரொட்டிக்காரரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் வாசலில் வக்கீலைப் பார்த்துச் சல்யூட் மாதிரி ஏதோ செய்தார். "அந்தக் குளிர் அறை மேல என் கண்ணு இருக்கும் சார்" என்றார்.

வெளியே கேக் கடை வேன் நின்றிருந்தது. கேக் மாமா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏறுங்க மச்சான், வீட்டுக்குப் போவோம். பாப்பா, வா."

ரொட்டிக்காரர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பின்னால் வேனின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. வேன் கிளம்பவில்லை, அங்கேயே நின்றது.

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. மகள்தான் முதலில் பேசினாள்.

"மாடிப்படியில நின்னு என்னைப் பார்த்தீங்களே. அப்புறம் போலீஸ் பொட்டலத்தை நீட்டினப்பவும் நெனச்சீங்க. உள்ளே இத்தனை நாள் இருந்தப்பவும் நெனச்சீங்க. நான் வாராவாரம் பார்க்க வந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீதானாம்மான்னு ஏன்ப்பா கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்மா."

அவள் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நானும்தான் கேக்கல" என்றாள். "நீங்களே என்னுதுன்னு சொல்லியும், நீங்களாப்பான்னு எனக்குக் கேக்கவே தோணல."

ரொட்டிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. "உனக்காகப் பத்து வருஷம் உள்ளே இருந்திருப்பேன்டா" என்றார்.

"தெரியும்ப்பா. அந்தப் பத்து வருஷமும் நான்தான்னு நம்பிக்கிட்டே இருந்திருப்பீங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. பஸ் வந்ததும் இருவரும் ஏறி, ஒரே இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்கள்.